தோப்பில் கிடக்கும் மூக்கில்லாத பிக்கப்: என்ன வண்டி இது?

ஒடுகத்தூர் மாந்தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். ஒடுகத்தூரில் மலையடிவாரத்தில் என் தாய்மாமாவுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. அதன் மூலையில், புளியமரத்தடியில், நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே ஒரு பழைய பிக்கப் கிடக்கிறது. மாமா தவறி இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் வேலூரிலிருந்து ஒரு காயலான் கடைக்காரர் வந்து பார்த்தார். எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை கட்டரும் சிலிண்டரும் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தைக்கும் சம்மதம். "இன்னாத்துக்குடா அது, பாம்புதான் அடையுது" என்கிறார்.

எனக்கு மனசு வரவில்லை. வெட்டுவதற்கு முன் அது என்ன வண்டி என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும். முகப்பு தட்டையாக இருக்கிறது, பானட் கிடையாது. டிரைவர் சீட் முன்சக்கரத்துக்கு நேர் மேலே. இரண்டு சீட்டுக்கும் நடுவே இரும்பில் பெரிய பெட்டி மாதிரி ஒன்று, கீல் வைத்த மூடியோடு. பின்னால் தொட்டி, அதன் அடிப்பலகை உளுத்துப்போய்விட்டது. பெயர் பொறித்த தகடு எதுவும் இல்லை, யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முன்கண்ணாடி இருந்த இடத்தில் கோவைக்கொடி நுழைந்து ஸ்டியரிங்கைச் சுற்றியிருக்கிறது.

பீஞ்சமந்தைக்கு மண்பாதை மட்டும் இருந்த காலத்தில் மாமா இதில்தான் உப்பும் மண்ணெண்ணெயும் மேலே ஏற்றிப்போய், சாமையும் புளியும் கீழே கொண்டுவருவார். "எஃப்.சி. வண்டிக்குத் தண்ணி ஊத்துனியா", "எஃப்.சி. வண்டி சாவி எங்க" என்றே எப்போதும் சொல்வார். பேப்பரெல்லாம் சரியாக இருக்கிற வண்டி, எஃப்.சி. (ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. தரும் சான்றிதழ்) காட்டிய வண்டி என்ற பெருமையில் சொல்கிறார் என்று நினைத்திருந்தோம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருக்கிறது.

காட்பாடி டீசல்:

தம்பி, பானட் இல்லை என்றால் முதலில் ஸ்டாண்டர்டு 20-ஆக இருக்குமோ என்று தோன்றுகிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு அட்லஸ் என்று ஒரு வேன் ஓடியது. அங்கே அதை நிறுத்திய பிறகு வண்டி செய்யும் டை, கருவியெல்லாம் இங்கே வந்து, சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் வேனாகவும் பிக்கப்பாகவும் செய்தார்கள். ஹெரால்டு, கெஸல் கார்கள் செய்த அதே கம்பெனி. கார்களை நினைவு வைத்திருக்கிறவர்கள் ஏராளம், அந்த 20-ஐக் கேட்டால் முழிக்கிறார்கள்.

இல்லையென்றால் மெட்டடார் பிக்கப். இரண்டு விஷயம் பார்த்துச் சொல். கியர் கம்பி ஒன்றுதானா, பக்கத்தில் வேறு கம்பி இருக்கிறதா? முன் அச்சுக்கு நடுவில் ஹவுசிங் உருண்டை, அதாவது சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்கள் இருக்கும் கூடு, இருக்கிறதா?

வாலாஜா டீச்சர்:

தயவுசெய்து அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா ஒரு மூன்று சக்கர டெம்போ வைத்திருந்தார், ஹன்சீட் என்ற மாடல். நீண்ட மூக்கு, மூக்கின் நுனியில் ஒற்றைச் சக்கரம், அந்தச் சக்கரமே வண்டியை இழுக்கும். வாலாஜாவிலிருந்து ஆற்காட்டுக்கு நூல் மூட்டையும் துணிக்கட்டும் ஏற்றிப்போவார். என்னையும் தம்பியையும் மூட்டை மேல் உட்கார வைப்பார். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு வாசனை இருக்கும், கஞ்சி போட்ட நூலின் வாசனை எனக்கு இன்றும் மூக்கில் நிற்கிறது.

டெம்போ என்பது ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் விடால் என்ற குடும்பத்தார் நடத்திய கம்பெனியின் பெயர். 1958-இல் இங்கே பஜாஜ் டெம்போ தொடங்கினார்கள். அந்தக் கம்பெனி இன்றைக்கு ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் நாம் இன்னமும் எந்தச் சின்ன லோடு வண்டியைப் பார்த்தாலும் டெம்போ என்றுதான் சொல்கிறோம். ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பதினைந்து நின்றிருக்கும். அப்பா காலமான பிறகு அதை எடைக்குப் போட்டோம். இன்று என் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வண்டி எங்கும் கண்ணில் படவில்லை. போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த அம்பாசிடருக்கு முன்னால் நின்று எடுத்த படம் மட்டும் மூன்று இருக்கிறது.

ஒடுகத்தூர் மாந்தோப்பு:

டீசல் அண்ணே, இன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தேன். கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு குட்டைக் கம்பி இருக்கிறது. முன் அச்சிலும் உருண்டை இருக்கிறது, நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி. அப்படியென்றால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா?

டீச்சர், நீங்கள் எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:

நாலு சக்கர இழுவை என்று கேட்டதும் நானும் உள்ளே வருகிறேன். பட்டாளத்தில் எங்களுக்கு இரண்டு வண்டி உயிர். ஒன்று ஜோங்கா. நிசான் பேட்ரோல் வண்டியை ஜபல்பூரில் 1969-லிருந்து செய்தார்கள், ஜபல்பூர் ஆர்டினன்ஸ், கன் கேரியேஜ், அசெம்பிளி என்ற சொற்களின் முதலெழுத்துதான் ஜோங்கா. ஆறு சிலிண்டர், 3.9 லிட்டர் பெட்ரோல். இன்னொன்று நிசான் ஒன் டன். அதே ஜாதி என்ஜின், பின்னால் தொட்டி. பனியில் பாறையில் எங்கே விட்டாலும் ஏறும், ஆனால் பெட்ரோல் குடிக்கும் குடி இருக்கிறதே, ஏலத்தில் எடுத்தவர்கள் பாதிப் பேர் டீசல் என்ஜின் மாற்றிவிட்டார்கள். அப்படி மாற்றி மாற்றி, கம்பெனி போட்ட மாதிரியே இருக்கிற ஒன் டன்னை வெளியில் பார்ப்பது அரிதாகிவிட்டது.

ஆனால் தம்பி, ஒன் டன்னுக்கு மூக்கு உண்டு. உன் வண்டி அது இல்லை. முன் அச்சு உருண்டை ஒதுங்கியிருப்பது ஜீப்பின் அடையாளம். நம் ராணிப்பேட்டை லேத்காரர் வந்தால் சரியாகச் சொல்வார்.

ராணிப்பேட்டை லேத்:

வந்துவிட்டேன். தம்பி, ஒரே ஒரு வேலை செய். டேப் எடுத்து, முன்சக்கரக் குடத்தின் நடுவிலிருந்து பின்சக்கரக் குடத்தின் நடுவுக்கு அளந்து சொல். 81 அங்குலம் வந்தால் எனக்கு போன் செய்ய வேண்டாம், நானே கிளம்பி வருவேன்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். அது ஜீப் எஃப்.சி. 150. அமெரிக்காவில் வில்லீஸ் கம்பெனி 1956 கடைசியில் இறக்கியது. அப்போது அவர்களிடம் சி.ஜே. 5 என்ற சின்ன ஜீப் இருந்தது, அதன் அச்சிடைவெளி 81 அங்குலம். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டே, அதில் நிறைய லோடு ஏற்ற வேண்டும். பானட்டை எடுத்துவிட்டு, டிரைவரைத் தூக்கி முன்னால், நடுவில் இருக்கும் என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் பின்னால் ஆறடிக்குத் தொட்டி கிடைக்கும். உருவம் கொடுத்தவர் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ். முன்னால் கனம் அதிகம் என்பதால் பள்ளத்தில் பிரேக் போட்டால் பின்பக்கம் தூக்கும், அதற்காகச் சட்டத்தின் வால் பக்கம் கனத்த இரும்புக் கட்டி ஒன்றை வைத்து அனுப்பினார்கள். உன் வண்டியில் இருக்கிறதா பார். அங்கே 1965-இல் நிறுத்திவிட்டார்கள். கிட்டத்தட்ட முப்பதாயிரம்தான் செய்தார்கள், ஜீப் கணக்கில் அது ரொம்பக் குறைவு. இங்கே மஹிந்திரா உரிமம் வாங்கி அறுபதுகளிலிருந்து செய்தது.

இன்னொன்று. எஃப்.சி. என்றால் ஃபார்வர்டு கண்ட்ரோல், டிரைவரும் ஸ்டியரிங்கும் முன்னால் தள்ளி இருக்கிற அமைப்பு. உன் மாமா பேப்பரைப் பற்றிச் சொல்லவில்லை. வண்டியின் பெயரைத்தான் இத்தனை வருடமாகச் சொல்லியிருக்கிறார்.

ஒடுகத்தூர் மாந்தோப்பு:

ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் அத்தையை அழைத்துக்கொண்டு போய் அளந்தேன். பின்சக்கரம் பாதி மண்ணுக்குள், குடத்தைக் கையால் தோண்டி எடுத்தேன். டேப்பின் ஒரு முனையை அத்தை பிடித்துக்கொண்டார், நான் முன்னால் போனேன். 6 அடி 9 அங்குலம். இரண்டாவது தடவையும் அதேதான். 81.

அப்புறம் நடுவில் இருக்கும் பெட்டியின் மூடியைத் திறந்தேன். கீல் இறுகிப்போய் மண்வெட்டியால் நெம்ப வேண்டியதாயிற்று. உள்ளே ஒரு கோழி. அத்தை இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த கோழி அதுதான், அடியில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்து, ஏர் ஃபில்டருக்கும் சுவருக்கும் நடுவில் சருகு சேர்த்து முட்டையிட்டு அடை உட்கார்ந்திருக்கிறது. மூடியை மெதுவாகச் சாத்திவிட்டேன். நீங்கள் சொன்ன இரும்புக் கட்டி இதில் இல்லை, பின்னால் குறுக்குச் சட்டம் மட்டும் இருக்கிறது.

காட்பாடி டீசல்:

அடேயப்பா! என் கணிப்பு தப்பானதில் எனக்கு இன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

ஆம்பூர்–ஜீலாங்:

ஆம்பூரில் பிறந்து இப்போது ஆஸ்திரேலியாவில் ஜீலாங் ஊரில் இருக்கிறேன். இந்த ஊர் ஃபோர்டு ஆலையில்தான் அவர்கள் யூட் என்று அழைக்கும் வண்டி பிறந்தது, அதனால் என் பங்குக்கு ஒன்று. 1932-இல் கிப்ஸ்லாண்டு பகுதியிலிருந்து ஒரு விவசாயியின் மனைவி கம்பெனிக்குக் கடிதம் எழுதினார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் சர்ச்சுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டியாக வேண்டும், இரண்டு வண்டி வாங்க வசதி இல்லை. லூ பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர், முன்னால் கார் கேபினும் பின்னால் தொட்டியும் ஒரே உடலாகச் சேர்த்து வரைந்தார். 1934-இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காக்காரர்கள் இந்த யோசனையை ராஞ்செரோ என்று 1957-இலும், எல் காமினோ என்று 1959-இலும்தான் எடுத்தார்கள்.

பாண்ட் 1987-இல் இறந்தார், தானே சீர் செய்து வைத்திருந்த 1934 யூட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது விபத்து. இங்கே ஃபோர்டு யூட் 2016-இலும் ஹோல்டன் யூட் 2017-இலும் நின்றுபோயின. பொய்கை மாட்டுச்சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை போகிறவர்களுக்கு அந்த அம்மா கேட்டது என்னவென்று விளக்கவே வேண்டாம். கன்றுக்குட்டியும் ஏற வேண்டும், வெள்ளை வேட்டியும் அழுக்காகக் கூடாது.

குடியாத்தம் பார்சல்:

நல்ல இழை. அபூர்வம் என்று வந்துவிட்டதால் இன்னும் சிலதைச் சேர்க்கிறேன். லம்போர்கினிகூடத் தொட்டி வைத்த வண்டி செய்திருக்கிறது, எல்.எம். 002, கவுன்டாஷ் காரின் 12 சிலிண்டர் என்ஜின், 1986 முதல் 1993 வரை முந்நூறு சொச்சம். மஸ்தா 1974-இல் ரோட்டரி என்ஜின் போட்டு ஒரு பிக்கப் விற்றது, அமெரிக்கப் பக்கம் மட்டும். ஜி.எம்.சி. சைக்ளோன் 1991, டர்போ, 280 குதிரைத்திறன், மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்தார்கள், ஃபெராரி 348-ஓடு கால் மைல் ஓட்டி முந்தியது. இதையெல்லாம் பார்க்கும்போது நம் ஊர் வண்டிகளை அபூர்வம் என்று சொல்லலாமா என்று யோசனையாக இருக்கிறது.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:

தாராளமாகச் சொல்லலாம் தம்பி. அந்த சைக்ளோனில் 500 பவுண்டுக்கு மேல் ஏற்றாதே என்று கம்பெனியே சொன்னது. நம் கணக்கில் 227 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை நாலரை. 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் குட்டி யானை, இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன், 750 கிலோ தாங்கும் என்று எழுதியே கொடுத்தார்கள். நேதாஜி மார்க்கெட்டில் விடிகாலையில் போய்ப் பார், அதற்கும் மேல் எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்று தெரியும். லோடு தூக்காத வண்டிக்குப் பின்னால் தொட்டி எதற்கு?

குடியாத்தம் பார்சல்:

லோடு ஒன்றை மட்டும் வைத்துப் பார்ப்பதும் சரியில்லை சார். ஹோண்டாவின் முதல் நாலு சக்கர வண்டி எது? கார் இல்லை, டி 360 என்ற குட்டி பிக்கப், 1963 ஆகஸ்டு. 356 சி.சி.யில் நாலு சிலிண்டர், 30 குதிரைத்திறன், அதுவும் 8,500 சுற்றில். பைக் என்ஜின் செய்து பழகின கை அப்படித்தான் செய்யும். காய்கறிக் கடைக்காரருக்குப் பந்தய என்ஜின் வைத்த வண்டி. அதையும் வேடிக்கை வண்டி என்று ஒதுக்குவோமா?

கம்மவான்பேட்டை ஹவில்தார்:

அதை ஒதுக்க மாட்டேன். அது வேலை செய்த வண்டி. ஒத்துக்கொள்கிறேன்.

காட்பாடி டீசல்:

எனக்குப் பிடித்தது வரிக்குப் பயந்து பிறந்த வண்டிகள். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கறி ஐரோப்பாவில் மலிவாகக் குவிந்தது, பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அதன் மேல் வரி போட்டன. பதிலுக்கு அமெரிக்கா நாலு பொருளுக்கு 25 சதவீதம் போட்டது: உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சின்ன லோடு வண்டி. 1964 ஜனவரியில் அமலுக்கு வந்தது. மற்ற மூன்றுக்கும் பிறகு வரி போய்விட்டது, லோடு வண்டிக்கு மட்டும் நின்றுகொண்டது. ஃபோல்க்ஸ்வேகன் பஸ்ஸின் பிக்கப் மாடல், அதுவும் மூக்கில்லாத வண்டிதான், அமெரிக்காவில் அதோடு படுத்துவிட்டது.

1978-இல் சுபாரு பிராட் என்ற சின்ன பிக்கப்பை அங்கே கொண்டுவந்தார்கள். தொட்டிக்குள் பின்பக்கம் பார்த்த மாதிரி இரண்டு பிளாஸ்டிக் சீட்டை வெல்டிங் வைத்து, கைப்பிடியும் கொடுத்து, இது ஆள் ஏறுகிற கார் என்று சுங்கத்தில் காட்டினார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரீகன்கூட தன் பண்ணையில் ஒன்று வைத்திருந்தார். பிற்பாடு ஃபோர்டும் துருக்கியிலிருந்து வேனைச் சீட்டோடு இறக்கி, துறைமுகத்திலேயே சீட்டைக் கழற்றி லோடு வண்டியாக விற்றது.

அந்த சீட்டில் உட்கார்ந்து போனவர்களின் முதுகை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது, ஆனால் அந்த வெல்டிங் இல்லையென்றால் அந்த வண்டியே அங்கே வந்திருக்காது.

ராணிப்பேட்டை லேத்:

டீச்சர் எழுதியதை நேற்று ராத்திரி இன்னொரு தடவை படித்தேன். முப்பத்தைந்து வருடமாக சிப்காட் பக்கம் லேத் ஓட்டுகிறேன், தோல் ஷாப் வண்டிகள்தான் பெரும்பாலும் வரும். உப்புத்தோல் ஏற்றிய வண்டியின் தொட்டி மூன்று வருடத்தில் சல்லடையாகிவிடும். உப்புத் தண்ணீர் சட்டத்துக்குள்ளே இறங்கி உள்ளிருந்தே தின்னும். தகடு வைத்து, பட்டை மாற்றி, மறுபடி தகடு வைத்து, கடைசியில் சட்டமே விட்டுப்போகும். எண்பதுகளில் ஜப்பான் கூட்டில் நாலு கம்பெனி வந்ததே, ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி, டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், நாலும் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. ஆல்வின் நிசான் கேபின் கதவு ஒன்று மட்டும் இப்போது என்னிடம் இருக்கிறது, பட்டறைக் கழிவறைக்குக் கதவாக.

காரை வீட்டு வாசலில் நிறுத்தித் துடைத்து வைக்கிறார்கள். லோடு வண்டியைச் சாகும்வரை ஓட்டி, செத்த பிறகு வெட்டுகிறார்கள். எத்தனை செய்தார்கள் என்ற எண்ணிக்கையில் பார்த்தால் லம்போர்கினிதான் அபூர்வம். ஆனால் அந்த முந்நூறில் பெரும்பகுதியை யாரோ ஏசி அறையில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள். நம் டெம்போவுக்கு அப்படி ஒரு அறை இல்லை. ஒடுகத்தூர் வண்டி தப்பித்ததற்குக் காரணம் யாரும் காப்பாற்றியதல்ல, மறந்துபோனதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். தம்பி, ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா? 2021-இல் மத்திய அரசு பழம் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்டதாக, சட்டம், பாடி, என்ஜின் பெரிதாக மாற்றாததாக இருந்தால் வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பழைய பதிவு இருந்து மறுபதிவு என்றால் 5,000. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போட, இதற்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஆனால் சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும், வாடகை வண்டிக்குக் கிடையாது. அதனால் ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். டீசல் என்ஜின் மாற்றியிருக்கிறதா என்பதும் முக்கியம்.

வாலாஜா டீச்சர்:

பழைய தகரப் பெட்டியில் தேடுங்கள். நிலப்பத்திரத்தோடு சேர்த்துத்தான் வைத்திருப்பார்கள். அப்பா அப்படித்தான் வைத்திருந்தார்.

ஒடுகத்தூர் மாந்தோப்பு:

டீச்சர் சொன்ன இடத்திலேயே இருந்தது! தோப்புப் பத்திரத்துக்கு அடியில், மஞ்சள் பையில் சுற்றி. துணி அட்டை போட்ட புத்தகம், ஓரம் செல்லரித்திருக்கிறது. தயாரித்த வருடம் 1969. எரிபொருள் பெட்ரோல். சொந்த உபயோகம் என்று ஆங்கிலத்தில் கையால் எழுதி முத்திரை குத்தியிருக்கிறது. எஃப்.சி. 150 என்று எழுதியிருப்பது நன்றாகத் தெரிகிறது. உள்ளே மடித்து வைத்த ஒரு பழைய பில், வேலூர் கடையில் இரண்டு ஸ்பிரிங் பட்டை வாங்கியது, பின்பக்கத்தில் மாமாவின் கையெழுத்தில் "புளி 11 மூட்டை, சாமை 4".

அத்தை அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒருமுறை மழையில் வண்டி மலையில் மாட்டிக்கொண்டு, இரண்டு பேரும் ராத்திரி முழுக்க என்ஜின் பெட்டி மேல் கை வைத்துக் குளிர் காய்ந்ததைச் சொன்னார். கல்யாணமான புதிதாம். நான் கேட்டதே இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. காயலான் கடைக்காரர் சிலிண்டரோடு வந்தார். அத்தை அவருக்கு மோர் கொடுத்து, வந்துபோன டீசல் செலவையும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ராணிப்பேட்டை லேத்:

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் செயின் பிளாக், இரண்டு ஜாக்கி, மரக்கட்டைகளோடு வருகிறேன். ஹவில்தார் சாரும் வருவதாக போனில் சொன்னார். அதற்குள் நீ செய்ய வேண்டியது: நாலு சக்கரத்தைச் சுற்றியும் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிடு, கடப்பாரை போடாதே, கையால் எடு. டிரம் பிடித்திருக்கும், கட்டி இழுத்தால் அச்சு உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து விடு, என்ஜினைச் சுற்றிப் பார்க்க முயற்சி செய்யாதே. கொடியை அறுக்க வேண்டும் என்றால் வேரோடு இழுக்காமல் துண்டு துண்டாக வெட்டு, வயரெல்லாம் அதோடு வந்துவிடும்.

ஒடுகத்தூர் மாந்தோப்பு:

மண்ணை எடுக்க ஆரம்பித்துவிட்டேன் ஐயா. ஆனால் பிளக் கழற்ற அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டுமே. கோழி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. எட்டு முட்டை இருக்கிறது, குஞ்சு பொரிக்க இன்னும் ஐந்தாறு நாள் ஆகும், அதுவரை யாரும் மூடியில் கை வைக்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். இந்த ஞாயிறு வேண்டாம், அடுத்த ஞாயிறு வர முடியுமா?

ராணிப்பேட்டை லேத்:

சரி. அடுத்த ஞாயிறு வருகிறேன்.